அச்சம் உமக்கு, மடம் எனக்கு

பொதி வந்து இன்றைக்கு நாலாம் நாள். பல்கலைக்கழக முத்திரை குத்திய தடித்த மட்டைப் பொதி. தபால்காரர் கீழ்க் கதவடியில் வைத்துவிட்டுப் போக, நான்தான் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். ஏறி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, மேலே ஒரு துவாயைப் போட்டு மூடினேன். உமக்குச் சிரிப்பு வரும். புத்தகத்தைக் கண்டு பயந்து அதற்குத் துவாய் போர்த்திய மனுஷி மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மூன்று நாளும் மேசைப்பக்கம் போகாமல், அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன்.

இன்று மத்தியானம் கத்தியை எடுத்து வெட்டினேன். புது மையின் வாசனை அறையெல்லாம் பரவியது. நம்முடைய புத்தகம்தான். பிரான்ஸில் ஓர் ஈரப் பள்ளத்தாக்கில் எண்ணூறு வருடத்துக்கு முன்னால் எழும்பி, பிறகு இடிந்துபோன அந்தத் துறவியர் மடத்தின் வரலாறும் அகழ்வும். பல்கலைக்கழக நிலக்கீழ் அறையில் ஐந்து வருடமாக நீர் ஓட்டுத் துண்டுகளைக் கழுவி இலக்கம் எழுதியதும் நான் வரைந்ததும் எல்லாம் சேர்ந்து இப்போது ஒரு கையால் தூக்க முடியாத பாரமாக வந்திருக்கிறது. நான் பக்கத்தைத் தேடவில்லை. விரித்ததும் முப்பத்தேழாம் படத்தில் போய் நின்றது. வரிசைக்கு ஆறு கட்டமாக ஏழு வரிசை. நாற்பத்தொரு கட்டத்திலும் கைகள், எல்லாம் உம்முடைய கைகள். கடைசிக் கட்டம் மட்டும் வெறுமை.

நாம் முதன்முதல் சந்தித்த அன்றும் நான் பயந்துகொண்டுதான் நின்றேன். யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவள் என்று சொல்லித்தான் இந்த வேலைக்கு என்னை எடுத்தார்கள். வேலை நிலத்துக்குக் கீழே என்று ஒருவரும் சொல்லவில்லை. ஜன்னல் இல்லாத அறை, தலைக்கு மேலே தடித்த குழாய்கள். வாசலிலேயே என் கால் நின்றுவிட்டது. தண்ணீர்த் தொட்டியடியில் பழைய பல்துலக்கியால் ஓட்டுத் துண்டு ஒன்றைத் தேய்த்துக்கொண்டு நின்ற நீர் திரும்பிப் பார்த்து, பொன்ஜூர் என்றீர். பிறகு என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினீர்.

“யாழ்ப்பாணமோ?”

“ஓம். குருநகர்.”

“நான் மன்னார். ஏன் கதவடியிலை நிக்கிறீர்? உள்ளுக்கு வாரும்.”

“மேலை எத்தினை மாடி இருக்கு?”

“நாலு.”

“விழாதோ?”

“விழுந்தா ரண்டு பேரும் ஒண்டாப் போவம். தனியச் சாகிறதை விட அது நல்லம்தானே.”

அந்தப் பகிடிக்குப் பிறகுதான் பங்கர் கதையை உமக்குச் சொன்னேன். ஷெல்லடிக்குப் பயந்து வளவுக்குள் வெட்டி, தென்னங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டிருந்த குழி. ஒரு பின்னேரம் அதன் ஒரு பக்கம் சரிந்தது. இடுப்புவரை மண்ணுக்குள் புதைந்து, வெளியே ஆட்கள் மண்வெட்டி எடுத்து வரும்வரை நின்றேன். அன்றிலிருந்து நிலத்துக்குக் கீழே போகிற எதுவும் எனக்கு ஆகாது. மொன்றியலுக்கு வந்து எத்தனையோ குளிர்காலம் போயும் ஒரு நாள்கூட மெத்ரோவில் ஏறினதில்லை. மூக்கு விறைக்க விறைக்க பார்க் அவென்யூ பஸ்ஸுக்குத்தான் காத்து நிற்பேன்.

கதையைக் கேட்டு முடித்ததும் நீர் எழும்பினீர். கதவடியில் இருந்த உம்முடைய மேசையை எனக்குத் தந்துவிட்டு, உள்மூலையில் எனக்கென்று போட்டிருந்த மேசைக்கு நீர் போனீர். ஐந்து வருடமும் நான் கதவைப் பார்த்தபடிதான் வரைந்தேன். அதற்குக் கூலியாக என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடும் உரிமையை எடுத்துக்கொண்டீர்.

“பெண்ணுக்கு நாலு குணம் வேணுமாம். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு. அச்சம் உமக்கு, மடம் எனக்கு. மிச்சம் ரண்டும் இந்தக் குளிருக்கை விறைச்சுச் செத்துப்போச்சு.”

உம்முடைய மடம் வேறு மடம். மன்னாரில் கன்னியர் மடத்தில் மூன்று வருடம் இருந்து, துறவற வார்த்தைப்பாடு கொடுக்க முதலே வெளியே வந்தவர் நீர். ஏன் வந்தீர் என்று கேட்டேன். “வாயைப் பொத்திக்கொண்டு இருக்கேலாமல்தான்” என்றீர். அதை நான் உடனே நம்பினேன். ஒரு நாளில் நீர் கதைக்கிற கதை எனக்கு ஒரு கிழமைக்குக் காணும்.

அதனால்தானோ என்னவோ, அந்தப் பழைய துறவிகளைப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிப் பேசுவீர். சிஸ்டேர்சியன் சபை. சாயம் தோய்க்காத கம்பளி உடுப்பு, நிறமில்லாத ஜன்னல் கண்ணாடி, சுவரில் ஒரு படமும் இல்லை. பன்னிரண்டு பேரும் ஒரு தலைவருமாக ஆளில்லாத சதுப்பு நிலத்துக்கு வந்து, வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பி, முதலில் மரத்தாலும் பிறகு கல்லாலும் கட்டினார்கள். சமையலறையையும் நோயாளர் கூடத்தையும் விட்டால் முழு மடத்திலும் குளிர்காய ஒரே ஓர் அறை. “ஹீற்றர் உடைஞ்ச பார்க் எக்ஸ்டென்ஷன் வீடு” என்றீர். வயல் வேலைக்கும் ஆட்டுப் பட்டிக்கும் எழுத்தறியாத சகோதரர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தனிப் பகுதி, கோயிலுக்குள் வரவும் தனி வாசல். அதைப் படித்த அன்று நீர் கோபத்தில் மத்தியானம்வரை ஒரு சொல்லும் கதைக்கவில்லை. “எல்லா ஊரிலையும் இந்த வேறை வாசல் இருக்குது, பாரும்” என்று சாப்பிடும்போதுதான் வாய் திறந்தீர்.

பிறகு போர்கள், கொள்ளைநோய், ஆள் குறைவு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மடத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் கல்லைப் பெயர்த்துத் தொழுவம் கட்டினார்கள், மிச்சத்தைச் சுண்ணாம்புக்குச் சுட்டார்கள். கடைசியில் நின்றது மேற்குச் சுவர் ஒன்றும், நிலத்தடியில் கழிவுநீர் ஓடிய கல் வாய்க்காலும்தான். அந்த ஊர்ச்சனம் அதை இரகசியச் சுரங்கம் என்று சொல்லுமாம். ஒவ்வொரு கோடையும், இந்த அகழ்வை நடத்துகிற நம்முடைய பேராசிரியை மாணவரோடு போய்த் தோண்டுவார். நாம் போனதில்லை. டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டுகிற பின்னேர வேலையை உம்மால் விட முடியாது. எனக்கோ, வெட்டின குழிக்குள் இறங்கி வரையச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அனுமதி வாங்கி இரவலாகக் கொண்டுவரும் ஓட்டுத் துண்டும் கண்ணாடிச் சில்லும்தான் நம்மிடம் வரும். எலும்புகள் அங்கேயே நின்றுவிடும், படங்கள் மட்டும் வரும்.

துறவிகளைப் புதைத்த சவக்காலைப் படங்களை நான் பார்க்க மாட்டேன். நீர் பார்த்து, கைகால் எந்தப் பக்கம் என்று சொல்லச் சொல்ல, அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு நான் கோடு போடுவேன். பெட்டி கிடையாது, உடுப்போடு அப்படியே மண்ணுக்குள் வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னதும் என் பேனை நின்றது.

“நேரை மண்ணுக்கையோ?”

“ஓம். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையளாய்ப் படுத்திருக்கினம். பயப்பிடாதையும். கடிக்கிறதுக்கும் ஒருத்தருக்கும் பல்லில்லை.”

அந்தத் தரை ஓடு உமக்கு மறந்திருக்காது. பிரதான கட்டடத்திலிருந்து நோயாளர் கூடத்துக்குப் போகிற ஒடுங்கின வழியில், திருப்பத்தில் பதித்திருந்தது. முழு வழியிலும் ஓடுகள் நடுவில் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. இந்த ஒன்று மட்டும் உள்மூலையில் பாதித் தடிப்புக்குத் தேய்ந்திருந்தது. கழுவி முடித்து அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றீர். அதற்கு முதல் கிழமைதான் பேராசிரியை அவர்களுடைய வழக்கம் ஒன்றைச் சொல்லியிருந்தார். துறவிகள் ஓடக்கூடாது, எந்த அவசரத்திலும் நடைதான். இரண்டுக்கு மட்டும் விலக்கு: தீ, சாவு. ஒரு சகோதரர் சாகிற தறுவாயில் மரப்பலகையில் தட்டுவார்கள். சத்தம் கேட்டதும் எல்லாரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, விசுவாசப் பிரமாணம் என்ற செபத்தைச் சொல்லிக்கொண்டு ஓடவேண்டும். தரையில் சாம்பலைச் சிலுவையாகத் தூவி, சாக்குத்துணி விரித்து, அதன் மேல் அவரைக் கிடத்தியிருப்பார்கள். ஒருவரையும் தனியாகச் சாக விடுவதில்லை.

“நடக்கிற மனுசர் வழியோடை வளைஞ்சு போவினம். ஓடுறவைதான் மூலையை வெட்டுவினம்,” என்றீர். “இது ஓடினவை தேய்ச்ச ஓடு. ஓடு எண்டு சும்மாவே பேர் வைச்சவை?”

பேராசிரியைக்கு நான் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். இரண்டு ‘ஓடு’ம் ஒன்று என்று விளக்க முடியவில்லை. அவர் சிரித்து, அழகான எண்ணம், ஆனால் நிரூபிக்க முடியாது என்றார். புத்தகத்தில் அந்த ஓடு இருக்கிறது. கீழே ‘உள்மூலையில் தேய்மானம்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது கேட்டீர்: “நான் சாகக் கிடந்தா ஓடி வருவீரோ, இல்லாட்டி பார்க் அவென்யூ பஸ்ஸுக்குப் பாத்துக்கொண்டு நிப்பீரோ?”

“பஸ்தான்,” என்றேன்.

“தெரியும். பயந்தாங்கொள்ளி.”

இருவரும் சிரித்தோம். 

இனிக் கைகள். அந்த மடத்தில் பெரும்பாலான நேரம் பேச்சில்லை, தேவைக்குச் சைகை. அந்தச் சைகைகளைச் சொல்லால் விவரித்த பழைய பட்டியல் ஒன்றைப் பேராசிரியை பிரெஞ்சில் எழுதித் தந்து, படமாக்கச் சொன்னார். பார்த்து வரைய ஒரு கை வேண்டும். என் கையில் பேனை இருக்கும், உம்முடைய கை நீட்டினால் நடுங்காது. மூன்று கிழமை நீர் கையை நீட்டிக்கொண்டிருக்க நான் வரைந்தேன். இரண்டு பெருவிரலும் இரண்டு சுட்டுவிரலும் சேர்த்து வட்டம் பிடித்தால் சாப்பிடுகிற பாண். கையை மீன்வால் மாதிரி ஆட்டினால் மீன். சின்னவிரலை உதட்டில் வைத்தால் பால். நல்லது என்றால் பெருவிரலை ஒரு தாடையிலும் மற்ற விரல்களை மறு தாடையிலும் வைத்து மெல்லக் கீழே தடவ வேண்டும். கெட்டது என்றால் விரல்களை விரித்து, பருந்து கவ்வுகிற மாதிரி முகத்தின் மேல் வைக்கவேண்டும்.

உம்முடைய வலது பெருவிரலில் மீன் டின் வெட்டின தழும்பு. அது யாரோ ஒருவருடைய கையாகத் தெரியக்கூடாது, எடுத்துவிடுங்கள் என்றார் பேராசிரியை. எடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். மூன்று புள்ளியாக இன்றும் பாண் சைகையின் பெருவிரலில் இருக்கிறது.

நாற்பத்தொன்று முடிந்ததும் ஒரு கட்டம் மிஞ்சியது. நீர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடினீர்.

“‘ஓம்’ எண்டதுக்கு ஒண்டும் இல்லையே?”

“இதிலை இல்லை.”

“தலையை ஆட்டினாக் காணும்தானே. அதுக்கென்ன படம்? அது உலகத்துக்கே விளங்கும்.”

உலகத்துக்கே விளங்கும் என்று நானும்தான் நம்பினேன்.

அதற்குப் பிறகு நமக்குள் கைப்பேச்சு ஒரு விளையாட்டாகிவிட்டது. பேராசிரியை கூட்டத்தில் நீளமாகப் பேசும்போது நீர் மேசைக்குக் கீழே மீன்வால் ஆட்டுவீர். மத்தியானத்துக்கு டின் மீன் குழம்பு என்று அர்த்தம். நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவேன். மொன்றியலில் அந்தப் பாஷை தெரிந்தவர்கள் பட்டியலைத் தந்த பேராசிரியையோடு மூன்றே மூன்று பேர். அதில் பேசினவர்கள் நாம் இருவர்தான்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் உமக்குக் குரல் கம்மியது. குளிர் என்றீர். மார்கழியிலும் குளிர் என்றீர். தை மாதம் வைத்தியர் சொன்னதை, தொட்டியில் கை கழுவிக்கொண்டே, ஏதோ பஸ் பிந்தினது மாதிரிச் சொன்னீர். தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்தாக வேண்டும்.

“மடத்துக்குத் திரும்பப் போறன், வேறை என்ன. இந்த முறை வாயைப் பொத்திக்கொண்டு இருப்பன்.”

எனக்குச் சிரிக்க வரவில்லை. முதன்முறையாக உம்முடைய பகிடிக்கு நான் சிரிக்காமல் நின்றேன். நீர் என் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்தீர். “செவ்வாய்க்கிழமை வெட்டப்போகினம். புதன் வாரும்” என்றீர். “வாறன்” என்றேன்.

வரவில்லை. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். புதன் தொலைபேசியில் உம்முடைய அண்ணையிடம் பனி கொட்டுகிறது என்றேன். வியாழன் எனக்குத் தடிமன், உமக்குத் தொற்றிவிடும் என்றேன். வெள்ளி ஒரு சாட்டும் சொல்லவில்லை, தொலைபேசியை எடுக்கவே இல்லை. உண்மை ஒன்றுதான்: பயம். தொண்டையில் ஓட்டையும் குழாயுமாக, சத்தமில்லாமல் கிடக்கிற உம்மைப் பார்க்கப் பயம். ஐந்து வருடம் உம்முடைய வாயைக் கேட்டுக்கொண்டுதான் அந்த அறையில் மூச்சு விட்டேன். அந்த வாய் இல்லையென்றால் மேலே இருக்கிற நாலு மாடியும் என் தலையில் இறங்கிவிடும் போலிருந்தது. உம்முடைய வருத்தத்திலும் நான் என்னைத்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் இருக்கிற உம்முடைய அண்ணை. உமக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே சொந்தம். இரவு வேலை முடிந்து நேரே உம்மிடம் வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்று எடுத்தார்.

“தங்கச்சி, அவ கையாலை என்னவோ காட்டிக்கொண்டே இருக்கிறா. எனக்கு விளங்கேல்லை.”

“என்னெண்டு காட்டுறா அண்ணை?”

“விரலை விரிச்சு மூஞ்சையைப் பொத்திறா. எடுக்கிறா, திரும்பவும் பொத்திறா. குரல் போன வெக்கமாக்கும் எண்டு நினைச்சு நானும் பேசாமல் இருந்திட்டன். மூண்டு நாளாய் இதுதான்.”

“நோவுதோ எண்டு கேட்டவையே?”

“நேர்ஸ்மார் கேட்டவையாம். இல்லை எண்டு தலையாட்டினவவாம். துண்டிலை அப்பிடித்தான் எழுதிக் கிடக்குது.”

என் கை தன்பாட்டில் விரிந்து என் முகத்துக்கு வந்தது. பருந்தின் நகம். கெட்டது, கெட்டது, கெட்டது. மூன்று நாளாக நீர் எட்டு நூற்றாண்டுப் பழைய பாஷையில் அலறிக்கொண்டிருக்கிறீர். அது விளங்குகிற ஒருத்தி இங்கே துவாயைப் போர்த்திக்கொண்டு வீட்டில் இருக்கிறாள்.

ஓடினேன். கோட்டுப் பொத்தான் போடவில்லை. பஸ் தரிப்பிடத்தில் பனி முழங்காலளவு, ஒரு பஸ்ஸையும் காணவில்லை. அங்கே நின்ற கிழவர் ஒருவர், இன்றைக்கு வராது, மெத்ரோவில் போங்கள் என்றார். பார்க் மெத்ரோ வாசலில் நின்று கீழே பார்த்தேன். படி இறங்கிக்கொண்டே போகிறது, அடி தெரியவில்லை. வாயில் பழைய மண் ருசித்தது. யாரோ பின்னாலிருந்து முட்டினார்களோ நானே இறங்கினேனோ, தெரியாது. ரயிலுக்குள் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, சத்தமாகவே விசுவாசப் பிரமாணம் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண் எழும்பித் தள்ளிப் போய் நின்றாள். பாதியில் மறந்தது, திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன்.

ஆஸ்பத்திரியில் உம்முடைய அறைக்குப் போகும் நடைவழியில் ஒரு திருப்பம். அதில் என் தோள் சுவரோடு மோதி ஒரு மாதம் நீலம் பாரித்திருந்தது. மூலையை வெட்டியிருக்கிறேன். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

உள்ளே போனபோது இளந்தாதி ஒருத்தி உம்மேல் குனிந்து, நோவு இருக்கிறதா என்று பிரெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்பாகத்தான் கேட்டாள். நீர் தலையைத் தோள்பக்கமாகச் சரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆட்டினீர். குருநகரிலும் மன்னாரிலும் ‘ஓம்’ என்று ஆட்டுகிற ஆட்டம். அவள் துண்டில் ‘நோன்’, அதாவது இல்லை, என்று எழுதினாள். சுகமாக இருக்கும்போது நீரும் வெள்ளைக்காரருக்கு மேலும் கீழுமாக ஆட்டப் பழகியவர்தான். நோவு வந்தால் உடம்பு தாய்மொழிக்குத்தான் போகும் போல. எழுதத் தந்த பலகையில் வீங்கின கையால் நீர் எழுதியது வெறும் கோடாக நெளிந்து கிடந்தது.

“வீ!” என்று கத்தினேன். “நோன் இல்லை! அவ சொல்லுறது வீ! எங்கட ஆக்கள் ‘ஓம்’ எண்டா இப்பிடித்தான் ஆட்டுறது!”

பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. நானே தலையைச் சரித்துச் சரித்து ஆட்டிக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், உம்மைப் பார்த்தாள், துண்டில் வரிசையாக எழுதியிருந்த நோன்களைப் பார்த்தாள். பேனை பிடித்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிடம் அவளும் ஓடினாள், மருந்துக்கு.

நோவு இறங்கி, உம்முடைய நெற்றி விரியும்வரை நான் உம்முடைய காலடியில் நின்றேன். தாதி ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து, வரைந்து தர முடியுமா என்று கேட்டாள். வரைந்தேன். சரிந்த தலை, இரண்டு பக்கமும் அம்புக்குறி, கீழே ‘வீ’ என்று பிரெஞ்சு எழுத்தில். அவர்கள் அதைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டினார்கள். அந்த வெறும் கட்டத்தில் வரவேண்டிய நாற்பத்திரண்டாவது படம் அதுதான்.

“புதன்கிழமை பனியெண்டு சொன்னது பொய்,” என்றேன். “நான் பயத்திலைதான் வரேல்லை.”

 நீர் சுட்டுவிரலை என் ஈரச் சப்பாத்தை நோக்கி நீட்டி, புருவத்தை உயர்த்தினீர். எப்படி வந்தீர் என்ற கேள்வி.

“மெத்ரோவிலை.”

பெருவிரலை ஒரு தாடையிலும் மற்ற விரல்களை மறு தாடையிலும் வைத்து, மெல்லக் கீழே தடவினீர். நான் உம்முடைய போர்வையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

பிறகு பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் மெத்ரோவில் வந்தேன், ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டுதான். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் இறங்க மறுத்தது. வைத்தியர் அண்ணையைக் கூப்பிட்டுத் தனியே கதைத்தார். நீர் பால் கேட்டீர், புத்தகம் கேட்டீர், ஒரு நாள் தாதிக்குப் பின்னால் மீன்வால் ஆட்டி என்னைச் சிரிக்கவைத்தீர். முகத்தின் மேல் கை வைத்தால் நான் மணியடிப்பேன், அவர்கள் உடனே வருவார்கள்.

கடைசி நாள், பின்னேரம் மூன்று மணி இருக்கும். ஜன்னலில் நல்ல வெயில், கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணை சுவாமியாரைக் கூட்டிவரக் கீழே போயிருந்தார். தாதி மருந்துப் போத்தலை மாற்றிக்கொண்டு நின்றாள். உம்முடைய கண் கூரையில் ஓர் இடத்திலேயே நின்றது. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். குழாய்கள் ஓடுகிற கூரையை நான் முதல் நாள் அப்படித்தான் பார்த்தேன். ஐந்து வருடத்தில் ஒரு நாளும் உம்மிடம் கேட்டிராத கேள்வியைக் கேட்டேன்.

“பயமா இருக்கோ?”

நீர் தலையைச் சரித்தீர். தோள்பக்கம் ஒருக்கால், மறுபக்கம் ஒருக்கால்.

தாதி சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள். ஓம் என்கிறாரே, எதற்கு ஓம், ஏதாவது வேண்டுமா என்று என்னைக் கேட்டாள். பதில் எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. அண்ணைக்கும் சொல்லவில்லை. அடக்கப் பூசையில் உம்மைப் பற்றி, சாவுக்கே பயப்படாத மனுஷி என்று சுவாமியார் சொன்னபோதும் குனிந்துகொண்டு இருந்தேன். உம்மிடம்தான் இப்போது சொல்கிறேன், எனக்கு அது விளங்கியது என்று.

“எனக்கும்தான்,” என்றேன். “இஞ்சைதான் நிக்கிறன். விழுந்தா ரண்டு பேரும் ஒண்டாப் போவம்.”

உம்முடைய கை என் கையைத் தேடி வந்தது. நடுங்கியது. நாற்பத்தொரு படத்துக்கும் நடுங்காத கை. அண்ணையும் சுவாமியாரும் வந்து சேரும்வரைக்கும், அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம், நான் அதை விடவில்லை.

தாதி அந்தத் தாளைச் சுவரிலிருந்து கழற்றி என்னிடம் தந்தாள். நாலு மூலையிலும் ஒட்டுநாடாவின் அடையாளத்தோடு இத்தனை மாதமும் என் கைப்பையிலேயே கிடந்தது. சற்று முன்னர் அதை எடுத்து முப்பத்தேழாம் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். வெறும் கட்டத்தை விடப் பெரிது, பொருந்தவில்லை. பரவாயில்லை என்று அப்படியே வைத்துப் புத்தகத்தை மூடினேன். துவாயை எடுத்து மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

அச்சம் உமக்கு, மடம் எனக்கு என்று அன்று பங்கு பிரித்தவர் நீர்தான். கடைசியில் என் பங்கு அச்சத்திலும் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர். மிச்சப் பாதி என்னிடம் இருக்கிறது. நாளைக் காலை வேலைக்குப் போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு மெத்ரோப் படியில் இறங்குவேன்.